ஊட்னடட்டா ட்ராக் ரோடு ட்ரிப்: முதல் தடவ போறவங்களுக்கு படிப்படியா முழு வழிகாட்டி

தெற்கு ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுலேர்ந்து கிளம்பி மரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடட்டா, மார்லா வழியா போயிட்டு கூபர் பீடி வழியா திரும்பி வர்ற பயணம் இது. மரீ டு மார்லா சுமார் 620 கிமீ, முழுக்க மண்ரோடு. நான் மூணு தடவ போயிருக்கேன், அதுல ரெண்டு தடவ புதுசா வர்ற நம்ம ஆளுங்க குடும்பங்கள கூட்டிட்டு போனேன். அவங்க எங்கெங்க தடுமாறினாங்கன்னு பக்கத்துலேர்ந்து பாத்ததுனாலதான் இத எழுதறேன்.

அவுட்பேக்ல, அதாவது ஆஸ்திரேலியாவோட ஆள் நடமாட்டம் கம்மியான உட்பகுதில, இவ்வளவு ரோடு இருக்கும்போது ஏன் இந்த ரோடுன்னா, முதல் தடவ போறவங்களுக்கு இதுல ஏறக்குறைய 200 கிமீக்கு ஒரு தடவ டீசலும் ஆளும் கிடைக்கும். மரீலேர்ந்து வடக்க போற பேர்ட்ஸ்வில் ட்ராக் அப்படி இல்ல, அது 500 கிமீக்கு மேல, நடுவுல ரொம்ப கம்மி. அத அடுத்த தடவைக்கு வச்சிக்கோங்க.

கீழ இருக்கற வரிசைய மாத்தாதீங்க. பாதிப் பேர் முதல்ல தங்கற இடத்த புக் பண்ணிட்டு கடைசியில டயரப் பத்தி யோசிக்கறாங்க, அப்புறம் புக்கிங் பணம் போயிடுமேன்னு மழையிலயும் கிளம்பிடறாங்க. எல்லா தப்பும் அங்கதான் ஆரம்பிக்குது.

1. மாசத்த முடிவு பண்ணுங்க, அதுக்கப்புறம் லீவு கேளுங்க

மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான். நம்மள்ல நிறைய பேருக்கு டிசம்பர்ல தான் நீளமான லீவு கிடைக்கும், ஸ்கூலும் லீவு, அதனால அப்போ போலாமான்னு கேக்கறாங்க. வேணாம். ஊட்னடட்டாவுல 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி பதிவாச்சு, ஆஸ்திரேலியாவுலயே பதிவான அதிகபட்ச வெயில் அதுதான் (2022ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஆன்ஸ்லோவும் அதே அளவைத் தொட்டுச்சு). கோடைல அங்க 40க்கு மேல போறதெல்லாம் சாதாரணம். அந்த வெயில்ல வண்டி நின்னா நீங்க நிழல் தேடறதுக்கே மரம் கிடையாது, அதோட ரோட்டுல வேற வண்டியும் வராது.

ஜூன் ஜூலைல பகல் நல்லா இருக்கும், ஆனா ராத்திரி சில நாள் சைபர் டிகிரி பக்கத்துல இறங்கிடும். பாலைவனம்னு நினைச்சு மெல்லிசா ஒரு போர்வையோட வந்தவங்க வண்டிக்குள்ள ஹீட்டர் போட்டுட்டு உக்காந்து டீசல வீணாக்கினத பாத்திருக்கேன். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது சைபர் டிகிரிக்கு தாங்கற மாதிரி பாத்து வாங்குங்க.

லீவு கேக்கும்போது பயண நாளோட ரெண்டு நாள் சேத்து கேளுங்க. அது மழைக்கு. எதுக்குன்னு அடுத்ததுல சொல்றேன்.

2. எங்கேர்ந்து வெளிய வரலாம்னு முதல்ல மேப்ல வரைங்க

எல்லாரும் பாக்க வேண்டிய இடத்துக்கு புள்ளி வச்சு கோடு இழுக்கறாங்க. நான் சொல்றது, பேப்பர் மேப் ஒண்ணு விரிச்சு முதல்ல தார்ரோட்டுக்கு திரும்பற வழிங்கள மட்டும் சிவப்பு பேனாவுல போடுங்க. இந்த ரோட்டுக்கு அது இவ்வளவுதான்:

மரீலேர்ந்து தெற்க, வந்த வழியே லின்டர்ஸ்ட், லீ க்ரீக் பக்கம். மரீக்கும் வில்லியம் க்ரீக்குக்கும் நடுவுல தெற்க பிரிஞ்சு ராக்ஸ்பி டவுன்ஸ் போற போர்ஃபீல்ட் ரோடு. வில்லியம் க்ரீக்லேர்ந்து மேற்க கூபர் பீடி, 166 கிமீ. ஊட்னடட்டாவுலேர்ந்து கூபர் பீடி, சுமார் 195 கிமீ. கடைசியா ஊட்னடட்டாவுலேர்ந்து மார்லா, சுமார் 210 கிமீ, அங்க ஸ்டூவர்ட் ஹைவே.

இப்ப கவனிங்க, வில்லியம் க்ரீக் ஊட்னடட்டா ரெண்டுலேர்ந்தும் வெளிய போற எல்லா வழியும் மண்ரோடு. ஒரு ராத்திரி நல்லா மழை பேஞ்சா எல்லாத்தையும் ஒரே நேரத்துல மூடிடுவாங்க. அந்த மண்ணு களிமண், நனைஞ்சா டயர்ல அப்பிக்கிட்டு வண்டி சோப்பு மேல போற மாதிரி வழுக்கும், போற வண்டி போட்ட பள்ளம் காய்ஞ்சதும் கல்லு மாதிரி ஆகி மாசக்கணக்குல கிடக்கும். அதனாலதான் மூடின ரோட்டுல போனா அபராதம். கடுமையாவே போடுவாங்க. சாவகாசமா ரெண்டு நாள் வில்லியம் க்ரீக்ல உக்கார்ற மாதிரி சாப்பாடும் லீவும் கையில இருந்தா மழை ஒரு பிரச்சனையே இல்ல, திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல இருக்கணும்னு வந்தவங்களுக்குத்தான் அது ஆபத்து.

சின்ன குழந்தைங்களோட முதல் தடவ போறீங்கன்னா என் அபிப்பிராயம், ஊட்னடட்டா வரைக்கும் போகாதீங்க. மரீ, வில்லியம் க்ரீக், அங்கேர்ந்து கூபர் பீடி, அவ்வளவுதான். காட்டி தண்டா (லேக் ஐர்) உப்பு ஏரி, ஊத்து, பழைய ரயில் பாதை எல்லாம் அதுக்குள்ளயே வந்துடும், மண்ரோடு 370 கிமீயோட முடிஞ்சுடும்.

3. வண்டி: ஒப்பந்தத்த முதல்ல படிங்க

ரோடு காய்ஞ்சு இருக்கும்போது நல்ல உயரமான எஸ்யூவி கூட போயிடும். போறத பாத்திருக்கேன். ஆனாலும் ஃபோர் வீல் டிரைவ்னு நான் சொல்றதுக்கு காரணம் இழுவை இல்ல, டயரும் ஸ்டெப்னியும். நிறைய எஸ்யூவில பின்னாடி இருக்கறது மெல்லிசான தற்காலிக ஸ்டெப்னி, அது மண்ரோட்டுல 200 கிமீ தாங்காது. சிலதுல ஸ்டெப்னியே இருக்காது, ஒரு ஸ்ப்ரே பாட்டில்தான் இருக்கும். இன்னைக்கே டிக்கிய திறந்து பாருங்க.

வாடகை வண்டின்னா மூணு விஷயத்த எழுத்துல வாங்குங்க: மண்ரோட்டுல ஓட்டலாமா, இந்த ரோட்டோட பேர் அனுமதி பட்டியல்ல இருக்கா, பொழுது சாஞ்சப்புறம் ஓட்டினா இன்சூரன்ஸ் உண்டா. எங்ககூட வந்த ஒரு குடும்பம் கவுண்டர்ல வாயால கேட்டு சரின்னு சொன்னத நம்பி எடுத்தாங்க, மறுநாள் மரீல உக்காந்து ஒப்பந்தத்த படிச்சா மண்ரோட்டுல நடக்கற எதுக்கும் இன்சூரன்ஸ் கிடையாதுன்னு எழுதியிருக்கு. அவங்க அங்கேர்ந்தே திரும்பிட்டாங்க, அது சரியான முடிவு, ஏன்னா அங்கேர்ந்து ஒரு வண்டிய கட்டி இழுத்துட்டு வர ஆயிரக்கணக்குல டாலர் ஆகும்.

சொந்த வண்டின்னா கிளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி சர்வீஸ் விடுங்க, முந்தின நாள் விடாதீங்க. சர்வீஸ்ல மாத்தின எதுவாவது சரியா உக்காரலன்னா அது அடிலெய்டுலயே தெரிஞ்சுடணும். பேட்டரி, ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், ஏர் ஃபில்டர், ஷாக் அப்சார்பர், இதையெல்லாம் குறிப்பா சொல்லி பாக்கச் சொல்லுங்க. இன்சூரன்சும் ரோட்சைட் அசிஸ்டன்சும் எத்தன கிமீ வரைக்கும் இழுத்துட்டு வருவாங்கன்னு போன் பண்ணி கேளுங்க, பேசிக் பிளான்ல அந்த தூரம் ரொம்ப கம்மி.

4. டயர்: இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு சனிக்கிழமை முழுசா ஒதுக்குங்க

இந்த ரோட்டுல பயணம் கெடறது பெரும்பாலும் டயர்லதான். ஊட்னடட்டா பக்கம் கூரான சின்னச் சின்ன கல்லா நெடுக பரவிக் கிடக்கும், கிப்பர்னு சொல்வாங்க, அது டயரோட பக்கச்சுவர கிழிக்கும். நடுவுல ஓட்டை விழுந்தா ப்ளக் வச்சு அடைச்சுடலாம், பக்கச்சுவர் கிழிஞ்சா அந்த டயர் முடிஞ்சுது. அதனால எல்டி (லைட் ட்ரக்)னு குறிச்ச, பக்கச்சுவர் கெட்டியான ஆல் டெரெய்ன் டயர், அதோட முழு அளவு ஸ்டெப்னி ரெண்டு. ரெண்டாவதுக்கு ரிம் கிடைக்கலன்னா டயர் மட்டுமாவது எடுத்துட்டு போங்க, ஊர் வந்து சேந்தா மாட்டிக்கலாம்.

காத்து விஷயம்தான் புதுசா வர்றவங்களுக்கு புரியவே மாட்டேங்குது. தார்ரோட்டுல 36லேர்ந்து 40 பிஎஸ்ஐ வச்சிருப்பீங்க. மண்ரோடு ஆரம்பிக்கற இடத்துல நிறுத்தி 28 பக்கம் இறக்கணும். காத்து நிறைய இருந்தா டயர் விறைப்பா இருக்கும், கல்லு மேல ஏறும்போது குத்து வாங்கும். கொஞ்சம் தளர்வா இருந்தா கல்ல சுத்தி வளைஞ்சு கொடுத்து போயிடும், அதோட ரோட்டுல அலை அலையா இருக்கற மேடு பள்ளத்துல உடம்பும் வண்டியும் அவ்வளவா உதறாது. காத்து கம்மியாச்சுன்னா வேகமும் கம்மியாகணும், 80க்கு மேல போகாதீங்க, தளர்ந்த டயர் வேகத்துல சூடாகி பிஞ்சுடும். மணல்ல சிக்கினா 18 வரைக்கும் இறக்கலாம், வெளிய வந்ததும் திரும்ப ஏத்திடணும். திரும்ப ஏத்த பேட்டரில மாட்டற கம்ப்ரசர் வேணும். சிகரெட் லைட்டர்ல மாட்டற சின்னது நாலு டயர் ஏத்தறதுக்குள்ள சூடாகி நின்னுடும், பேட்டரில நேரா கிளிப் மாட்டறத வாங்குங்க. நீங்க போறது எவ்வளவு எடை ஏத்தின வண்டிங்கறத பொறுத்து இந்த நம்பர் ரெண்டு மூணு மாறும், ஒரு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கி டயர தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத அளவு கொதிச்சா ஒண்ணு காத்து கம்மியா இருக்கு, இல்லன்னா வேகம் அதிகம்.

அந்த சனிக்கிழமை செய்ய வேண்டியது: வீட்டு வாசல்ல, சாமான் எல்லாம் ஏத்தின வண்டில, நீங்களே ஒரு சக்கரத்த கழட்டி மாட்டுங்க. ஓட்டப் போற எல்லாரும் பண்ணணும், அண்ணி, தங்கச்சி யாரா இருந்தாலும். அப்பத்தான் தெரியும், வீல் நட்டு பூட்டு போட்டது, அதோட சாவி எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாதுங்கறது. ஒரு தடவ எங்களுக்கு அது மரீ போற வழியில ஹாக்கர்ங்கற ஊர்லதான் தெரிஞ்சுது, நல்லவேள அங்க ஒரு மெக்கானிக் இருந்தார். அதே மாதிரி ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்கினா, அத இறக்கற கம்பி துருப்பிடிச்சு இறுகியிருக்கும். ஜாக்கிக்கு அடியில வைக்க ஒரு தடிமனான பலகை எடுத்துக்கோங்க, மணல்ல பலகை இல்லன்னா வண்டி ஏறாது, ஜாக்கிதான் உள்ள போகும்.

5. டீசல் கணக்கு

மரீலேர்ந்து வில்லியம் க்ரீக் 204 கிமீ, அங்கேர்ந்து ஊட்னடட்டா சுமார் 200, அங்கேர்ந்து மார்லா 210. கணக்கு போடும்போது ஒரு பங்க் மூடியிருக்குன்னு வச்சிக்கிட்டே போடுங்க, அதாவது டேங்க் 400 கிமீக்கு மேல தாங்கணும். தார்ரோட்டுல 100 கிமீக்கு 11 லிட்டர் குடிக்கற வண்டி சாமானோட மண்ரோட்டுல 14 குடிக்கும்னு வைங்க. பத்தலன்னா 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒண்ணு, வண்டிக்கு உள்ள வைக்கக்கூடாது, மேல கேரியர்லயோ பின்னாடி ஸ்டாண்ட்லயோ வைக்கணும்.

ஒவ்வொரு பங்க்லயும் டேங்க நிரப்புங்க, பாதிக்கு மேல இருந்தாலும். விலை சிட்டிய விட நல்லாவே அதிகமா இருக்கும், ஆனா டேங்கர்ல அவ்வளவு தூரம் கொண்டு வந்து அவங்க விக்கறதுனாலதான் நாம போக முடியுது. முந்தின நாள் போன் பண்ணி பங்க் திறந்திருக்கா, உங்க வண்டிக்கான பெட்ரோல் இருக்கான்னு கேளுங்க. கார்டு மெஷின் வேலை செய்யாத நாள் உண்டு, கையில பணம் வேணும்.

திரும்பும்போது தார்ரோடு வந்துடுச்சுன்னு அசால்ட்டா இருக்கவேணாம், கூபர் பீடிக்கும் க்ளென்டாம்போவுக்கும் நடுவுல 250 கிமீக்கு ஒரு பங்கும் கிடையாது.

6. தண்ணியும் சாப்பாடும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர்னு நான் கணக்கு போடுவேன், குடிக்க சமைக்க எல்லாம் சேத்து, அதுக்கு மேல ரெண்டு நாளைக்கு ரிசர்வ். நாலு பேர் குடும்பத்துக்கு ஊருக்கு ஊர் நடுவுல ரெண்டு நாளுன்னா ரிசர்வோட 160 லிட்டர் வருதேன்னு பயப்படுவீங்க, அவ்வளவு எடை ஏத்த முடியலன்னா குளியல விட்டுடுங்க, குடிக்கற தண்ணில கைவைக்காதீங்க. வழியில இருக்கற ஊர்கள்ல குழாய்த் தண்ணி பெரும்பாலும் போர் தண்ணி, உப்பா இருக்கும், குடிக்கறதுக்குன்னு நம்பாதீங்க.

முக்கியமா, எல்லாத்தையும் ஒரே பெரிய டேங்க்ல வைக்காதீங்க. மண்ரோட்டு உதறல்ல ஒரு கேன் ஓரம் வெடிச்சு பூரா தண்ணியும் டிக்கில ஓடினத நேர்ல பாத்தேன். பத்து பத்து லிட்டர் கேனா பிரிச்சு வைங்க.

சாப்பாட்டுக்கு புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, அவல், முன்னாடியே சுட்டு எடுத்த சப்பாத்தி. சோறு வடிக்கறது தண்ணியும் கேசும் தின்னும், குக்கர்ல அளவா வைங்க. பகல்ல வண்டிய நிறுத்தி அடுப்பு மூட்டறத நான் விட்டுட்டேன், ஒரு மணி நேரம் போயிடுது, அந்த ஒரு மணி நேரம் சாயங்காலம் இருட்டுல ஓட்டறதா வந்து நிக்கும்.

மெல்போர்ன்லேர்ந்து ரோட்டுல வர்றவங்க கவனிங்க: தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ள பழ ஈ கட்டுப்பாடு இருக்கு, தக்காளி, பச்சமிளகா, எலுமிச்சை, மாம்பழம் எதுவும் கொண்டு வரக்கூடாது. மில்டுரா வழியா வந்தா யாம்பா செக்போஸ்ட்ல நிறுத்தி பாப்பாங்க, மறைச்சா அபராதம். காய்கறிய போர்ட் அகஸ்டால வாங்கிக்கலாம்.

ஊர்லேர்ந்து வந்திருக்கற அப்பா அம்மாவையும் கூட்டிட்டு போறீங்கன்னா சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு அதிகமா, ரெண்டு பையில பிரிச்சு. இன்சுலின் இருந்தா வண்டி ஃப்ரிட்ஜ் வேணும், ஐஸ் பெட்டி பத்தாது.

7. சிக்னல் இல்லாத இடத்துல எப்படி கூப்பிடறது

மரீய தாண்டினா ஊருக்குள்ள மட்டும்தான் டவர், அதுவும் டெல்ஸ்ட்ராவ மட்டும் நம்புங்க. மத்த சிம்ம நம்பி வந்தவங்களுக்கு கூபர் பீடி வரைக்கும் போன் வெறும் கேமராதான். மேப்ப ஆஃப்லைன்ல இறக்கி வைங்க, பேப்பர் மேப்பும் வைங்க.

குறைஞ்சபட்சம் ஒரு பிஎல்பி, அதாவது அவசர பீக்கன், கண்டிப்பா வேணும். ஆண்டெனாவ நிமித்தி பட்டன அழுத்தினா 406 மெகாஹெர்ட்ஸ்ல சாட்டிலைட் வழியா கான்பெராவுல இருக்கற மீட்பு மையத்துக்கு தகவல் போயிடும். அத ஆம்சாவுல (ஆஸ்திரேலிய கடல் பாதுகாப்பு ஆணையம்) இலவசமா ரிஜிஸ்டர் பண்ணணும், வண்டி நிறம், எத்தன பேர், எந்த ரோடுன்னு பயண விவரத்தையும் போடலாம். வாங்கிட்டு பதிவு பண்ணாம பெட்டிலயே வச்சிருக்கறவங்க நிறைய பேர். அதுல பேச முடியாது, பதிலும் வராது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் அழுத்தணும். டயர் கிழிஞ்சுடுச்சு, ஆனா எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்ல சாட்டிலைட் மெசஞ்சரோ சாட்டிலைட் போனோ வேணும், வாடகைக்கும் கிடைக்குது. ஐபோன் 14ஓ அதுக்கு மேலயோ இருந்தா சாட்டிலைட் எஸ்ஓஎஸ் 2023லேர்ந்து ஆஸ்திரேலியாவுல வேலை செய்யுது, ஆனா போன் சார்ஜ் போச்சுன்னா அதுவும் போச்சு, அத ரெண்டாவது துணையா மட்டும் வைங்க.

யூஹெச்எஃப் ரேடியோ ஒண்ணு வண்டில மாட்டுங்க. சேனல் 40ல லாரிக்காரங்க பேசுவாங்க, 5 அவசரத்துக்கு மட்டும். முன்னாடி ரோடு ட்ரெய்ன் (பல டிரெய்லர் கோத்த நீளமான லாரி) வருதா, ஓடையில தண்ணி எவ்வளவுன்னு எதிர்ல வர்றவங்ககிட்ட கேட்டாலே பாதி கவலை போயிடும்.

8. வீட்டுல ஒருத்தர்கிட்ட பேப்பர் கொடுங்க

சிட்டில இருக்கற பொறுப்பான ஒருத்தர்கிட்ட ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க: வண்டி நம்பர், யார் யார், எந்த நாள் எங்க தங்கறோம், எந்த நாள் எத்தன மணிக்குள்ள போன் வரும். கடைசி வரி ரொம்ப முக்கியம், போன் வரலன்னா எத்தன மணி நேரம் கழிச்சு போலீஸ கூப்பிடணும்னு. இந்த வரி இல்லாம கொடுத்தா அவங்க ஒண்ணு ஒரு மணி நேரத்துலயே பதறுவாங்க, இல்லன்னா சிக்னல் இல்லாம இருக்கும்னு மூணு நாள் சும்மா இருந்துடுவாங்க.

9. அனுமதியும் ரோடு நிலவரமும்

ரோட்டுல போறதுக்கு பர்மிட் வேணாம். ஆனா காட்டி தண்டா ஏரி தேசியப் பூங்காவுக்குள்ள பிரியறதுக்கு அனுமதி வேணும், விதிகள் மாறிக்கிட்டே இருக்கறதுனால போற வாரத்துல மாநில பூங்காத் துறை தளத்துல பாருங்க. ஏரித் தரையில வண்டிய இறக்கவே கூடாது, மேல உப்பு கெட்டியா தெரியும், அடியில சேறு, அதோட அது அரபானா பழங்குடி மக்களுக்கு புனிதமான இடம். மார்லாவுக்கு மேற்க இருக்கறது ஏபிஒய்ங்கற பழங்குடி மக்களோட நிலம், பர்மிட் இல்லாம அந்தப் பக்கம் திரும்பக்கூடாது.

ரோடு நிலவரத்த மூணு தடவ பாக்கணும்: கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி, கிளம்பற காலைல, அப்புறம் ஒவ்வொரு ஊர்லயும். மாநில அரசு வெளியிடற அவுட்பேக் ரோடு அறிக்கைல திறந்திருக்கா, ஃபோர் வீல் மட்டுமா, மூடியிருக்கான்னு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா இருக்கும். கூகுள் மேப் காட்டற நேரத்தையும் திறந்திருக்குங்கறதையும் இதுக்கு நம்பாதீங்க. அதுக்கு மேல நம்பகமானது ரோட்ஹவுஸ்ல கேக்கறதுதான், அந்தப் பக்கத்துலேர்ந்து அன்னைக்கு வந்த வண்டிய அவங்க பாத்திருப்பாங்க.

மழை மூணு நாள்ல வரும்னு காட்டுனா மரீலயே நில்லுங்க. நடுவுல போய் நிக்கறத விட அது மேல்.

10. ஓட்டறது

தார்ரோடு முடியற இடத்துல நிறுத்தி காத்த இறக்கிட்டு, ஃபோர் வீல்ல போட்டு 60, 70ல ஆரம்பிங்க. அலை அலையா இருக்கற ரோட்டுல 90ல போனா உதறல் அடங்குதுன்னு சிலர் சொல்வாங்க, அடங்கறது உண்மைதான், ஏன்னா டயர் மேடு மேல மட்டும் தொட்டு தொட்டு பறக்குது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்ப பாதிதான் கேக்கும். கவுந்து கிடக்கற வண்டிங்க நேர் ரோட்டுலதான் கிடக்கும், வளைவுல இல்ல.

மாவு மாதிரி மண்ணு நிறைஞ்ச பள்ளத்த புல்டஸ்ட்னு சொல்வாங்க, மேலேர்ந்து பாத்தா சமதளமா தெரியும், உள்ள முழங்கால் ஆழம் இருக்கும். ரோட்டு நிறம் வெளுத்து வழவழன்னு தெரிஞ்சா முன்னாடியே மெதுவாக்குங்க.

ஓடைல தண்ணி ஓடினா இறங்காதீங்க. தேங்கி நிக்கற தண்ணின்னா நிறுத்தி, இறங்கி, நடந்து பாத்துட்டு போங்க.

ரோடு ட்ரெய்ன் 53 மீட்டர் வரைக்கும் இருக்கும். எதிர்ல வந்தா ஓரமா ஒதுங்கி நில்லுங்க, தூசி முழுசா அடங்கற வரைக்கும் நகராதீங்க, அந்த தூசிக்குள்ள இன்னொரு வண்டி இருக்கலாம். மத்த நேரத்துல ஜன்னல மூடி ஃபேன வெளிக்காத்துல வச்சு வேகமா ஓட விடுங்க, உள்ள காத்தழுத்தம் இருந்தா தூசி நுழையாது.

சாயங்காலம் 4 மணிக்கு எங்க இருக்கீங்களோ அங்க தங்கற வேலைய பாருங்க. ஜூலைல 6 மணிக்குள்ள பொழுது சாஞ்சுடும், கங்காரு, ஈமு, மாடு எல்லாம் அந்த நேரத்துலதான் ரோட்டுக்கு வரும். வில்லியம் க்ரீக்க சுத்தி இருக்கற அன்னா க்ரீக் மாட்டுப் பண்ணை 15,000 சதுர கிமீக்கு மேல, வேலி கம்மி, கறுப்பு மாடு இருட்டுல ரோட்டு நடுவுல நிக்கும்போது பத்து மீட்டர் முன்னாடிதான் கண்ணுக்கு தெரியும். பண்ணை கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு போங்க, மாட்டுத் தண்ணித் தொட்டி பக்கம் கூடாரம் போடாதீங்க, ஆள் இருந்தா மாடு தண்ணிக்கு வராது.

11. வண்டி சிக்கினா, நின்னா

சிக்கினதும் ஆக்சிலேட்டர மிதிக்காதீங்க, இன்னும் புதையும். இறங்குங்க, தண்ணி குடிங்க, டயர 18க்கு இறக்குங்க, சக்கரத்துக்கு முன்னாடி மண்ண தோண்டுங்க, மேக்ஸ்ட்ராக்ஸ் மாதிரி பலகைய சொருகுங்க, மெதுவா வெளிய எடுங்க. இன்னொரு வண்டி இழுத்தா கயித்த இழுவைக்குன்னே இருக்கற ரேட்டட் பாயின்ட்ல மட்டும் மாட்டணும். டிரெய்லர் மாட்டற உருண்டைல மாட்டவே கூடாது, அது பிச்சுக்கிட்டு பறந்து ஆள் இறந்த சம்பவங்க இங்க நடந்திருக்கு.

வெளிய எடுக்க முடியலன்னா வண்டிய விட்டு நடக்காதீங்க. 1998 டிசம்பர்ல ஆஸ்திரியாவுலேர்ந்து வந்த ரெண்டு பேரோட வண்டி ஏரிக்கரைல ஹாலிகன் பே பக்கம் மணல்ல சிக்கிடுச்சு. உதவி தேடி வில்லியம் க்ரீக் பக்கம் நடக்க ஆரம்பிச்சாங்க, ஒருத்தர் முடியாம வண்டிக்கே திரும்பினார், அவர் பொழச்சார். தொடர்ந்து நடந்த பெண் வழியிலயே இறந்துட்டாங்க. ஒவ்வொரு தடவையும் கூட வர்றவங்களுக்கு இத மரீலயே சொல்லிடுவேன், ஏன்னா சிக்கினப்புறம் சும்மா உக்காந்திருக்கறது ரொம்ப கஷ்டம், ஏதாவது செய்யணும்னு கால் பரபரக்கும். வானத்துலேர்ந்து தேடறவங்களுக்கு வண்டி தெரியும், நடக்கற ஆள் தெரியாது. பானெட்ட திறந்து வைங்க, தார்ப்பாய் கட்டி நிழல் பண்ணுங்க, தண்ணிய எண்ணுங்க, பீக்கன் போடுங்க.

12. இப்ப நாள் கணக்கு, இப்பத்தான் புக்கிங்

அடிலெய்டு டு ஹாக்கர் முதல் நாள். ஹாக்கர் டு மரீ ரெண்டாவது நாள், தார்ரோடுதான் பெரும்பாலும், மதியத்துக்குள்ள போய் சேந்து சாமான இறுக்கி கட்டுங்க. மூணாவது நாள் கவர்ட் ஸ்ப்ரிங்ஸ், 130 கிமீதான், ஆனா வழியில கர்டிமுர்கா பழைய ஸ்டேஷன், ஏரி பாக்கற இடம், தி பப்ளர், ப்ளான்ச் கப் ஊத்துங்கள்ல இறங்கி இறங்கி ஏறினா நாள் சரியா இருக்கும். நாலாவது நாள் வில்லியம் க்ரீக், ஏரிய முழுசா பாக்கணும்னா சின்ன பிளேன்ல மேல போறதுதான் ஒரே வழி, இங்கேர்ந்து போகலாம், கரைலேர்ந்து பாத்தா வெறும் வெள்ளைக் கோடுதான் தெரியும். 2025 மாதிரி தண்ணி நிறைஞ்ச வருஷம்னா பிளேன மட்டும் மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ணுங்க. அஞ்சாவது நாள் ஊட்னடட்டா, வழியில அல்ஜிபக்கினா பாலத்துல மதியச் சாப்பாடு. ஆறாவது நாள் மார்லா போய் காத்த திரும்ப 38க்கு ஏத்திட்டு தார்ரோட்டுல கூபர் பீடி, மொத்தம் 440 கிமீ, அன்னைக்கு மட்டும் விடிஞ்சதும் கிளம்பிடுங்க. ஏழாவது நாள் போர்ட் அகஸ்டா 540 கிமீ, எட்டாவது நாள் வீடு. இதோட மழைக்கு ரெண்டு நாள்.

புக் பண்ணும்போது கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருமான்னு மட்டும் கேளுங்க, வராத இடத்த விட்டுடுங்க.

மார்லாவுல காத்து ஏத்தும்போதே வீல் நட்டெல்லாம் ஒரு தடவ இறுக்கிப் பாருங்க, 600 கிமீ உதறல்ல ஒண்ணு ரெண்டு தளர்ந்திருக்கும். போர்ட் அகஸ்டாவுல வண்டிக்கு அடியில ப்ரெஷர் தண்ணி அடிச்சு மண்ண எடுத்துடுங்க, வீட்டுக்கு வந்த வாரத்துல ஏர் ஃபில்டர மாத்துங்க. அதுக்கெல்லாம் முன்னாடி, சிக்னல் வந்த முதல் நிமிஷத்துல, பேப்பர் கொடுத்துட்டு வந்தீங்களே, அவங்களுக்கு போன் பண்ணி தார்ரோட்டுக்கு வந்துட்டோம்னு சொல்லுங்க.